மீதப் பதிவேடு

கோட் த்யு ரோன் என்று சொல்லவேண்டும்,
தொண்டையில் மீன்முள் நின்றுவிட்டதைப் போல
'ர'வை உரசி.
சாந்தாராமன் சார் மூன்று நாள் பழக்கினார்.
முட்டைகூடத் தொடாத மனிதர்
செம்மறித் தொடைக்கு எந்த ஒயின் என்று
பலகையில் கோடு இழுத்தார்.
வாத்துக்கு இது, காட்டுக் காளானுக்கும் இது,
வயதேறிய பாலாடைக்கட்டிக்கும் இதுவே.
அயிரை மீனுக்கு சார்? என்றேன்.
கையேட்டில் இல்லை என்றார்.

மூன்று திராட்சை சேர்ந்த கூட்டாம் அது.
கிரெனாஷ் பழச்சதை,
சிரா மிளகு,
மூர்வேத்ர் வந்தால் ஈரத்தோல் வாசம்.
அங்கே தோட்டமெல்லாம் உருண்டைக் கற்கள்,
பகல் வெயிலை வாங்கிவைத்து
இரவில் கொடிக்குக் கொடுக்குமாம்.
எங்கள் மேலமாசி வீதிக் கல்லும் அப்படித்தான்,
பதினொரு மணிக்கும் வெறுங்காலோடு நிற்கமுடியாது.
அதில் இதுவரை எதுவும் காய்க்கவில்லை.

ஏழாம் மேசைக்குக் கல்யாண நாள்.
எட்டு மணிக்குத் தக்கையை உருவினேன்,
சத்தம் வராமல், சார் சொன்னபடி.
கணவர் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்:
'என்னப்பா, நாக்கை இழுக்குது.'
மனைவி இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார்,
பார்த்தார்,
மிளகாய் பஜ்ஜியோடு பார்த்தார்.
பிறகு இருவருக்கும் பீர்.
கண்ணாடிக் கதவு அவர்களை வெளியே விட்டபோது
பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு.

மீதத்தைக் கொட்டிவிட்டுப் பதிவேட்டில் எழுதவேண்டும்.
விதி அது.
கோப்பை கழுவும் ஜெசிந்தா
தொட்டியின் மேல் பாட்டிலைச் சரித்தவள்
கையை நிறுத்திக் கேட்டாள்:
'இந்தத் தொட்டிக்கு எது பொருத்தம்னு
உங்க சார் சொல்லிக் குடுத்தாரா?'

யானைக்கல் பாலத்துக்குக் கீழே
ஒரு மணிக்கும் கொத்துச் சத்தம் ஓயாது.
ஓட்டல் துண்டில் சுற்றிய பாட்டில்,
டீ கிளாஸ் இரண்டு,
கவிழ்த்துப்போட்ட தக்காளிப் பெட்டி.
முதலில் சால்னா.
சால்னா அதை ஒரே மடக்கில் கொன்றது.
காரம் மேலேற, வாயில் தகரம் மட்டும் மிச்சம்.
ஜெசிந்தா துப்பப் போனாள்,
விலை ஞாபகம் வந்து விழுங்கினாள்.
சுக்காவுக்கு வந்தபோது கொஞ்சம் இணங்கியது.
வெங்காயம் வேண்டாம் என்றது,
கொழுப்பைப் பிடித்துக்கொண்டது.

கடைசியில் சுவரொட்டி.
சட்டியில் ஒட்டுகிற அளவுக்கு மட்டும் எண்ணெய்,
உப்பு, மிளகு, வேறொன்றும் இல்லை.
ரத்தத்தின் இரும்பை அந்தச் சிவப்பு
ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி அடையாளம் கண்டது.
நாங்கள் இருவரும் பேசவில்லை.
ஜெசிந்தா என் தட்டிலிருந்தும் எடுத்தாள்.

சிக்கந்தர் அண்ணன் குடிப்பதில்லை.
மணத்துக்கு என்ன என்று கிளாஸை வாங்கி
கண்ணை மூடினார்.
'நாவப்பழம்,' என்றார்.
தோசைக்கல்லில் முட்டை ஒன்று கருக,
'மிளகு,' என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
'மழையில நனைஞ்ச செருப்பு.'
மூன்று நாள் வகுப்பு,
நாலு மூச்சு.

அப்போதுதான் கணக்குப் போட்டேன்.
திறந்து ஐந்து மணி நேரம்.
எட்டு மணிக்கு உம்மென்று உட்கார்ந்திருந்தது
ஒரு மணிக்குத்தான் பேச ஆரம்பித்திருக்கிறது.
காசு கொடுத்தவர்கள்
இந்நேரம் கே.கே. நகரில் குறட்டை விடுவார்கள்.
பாவம், அவர்கள் குடித்தது வேறு ஒயின்.

காலையில் பதிவேடு.
மேசை ஏழு. கோட் த்யு ரோன்.
மீதம் கால் லிட்டர்.
ஊற்றப்பட்டது.
எதில் என்று எழுத
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

சாந்தாராமன் சார் பலகையைத் துடைக்கும்முன்
ஓரத்தில் சாக்பீஸால்
'சுவரொட்டி' என்று எழுதிவைத்தேன்.
யார் கையெழுத்து என்று கேட்டார்.
அழிக்கவில்லை.

அயிரைதான் இன்னும் தெரியவில்லை.